தனித் தட்டு, பொது ஊசி

"அண்ணி, வாயில என்ன?"

அண்ணியால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. உதடுகளுக்கு நடுவே ஐந்து குண்டூசிகள் வரிசையாக நின்றன. கையில் பள்ளிக்கூட மேலங்கி ஒன்று, விளிம்பு மடித்தபடி.

"ம்ம்?"

"வாயில என்னன்னு கேட்டேன்."

அண்ணி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பில் குத்தினாள். "கண்ணு தெரியலையா? ஊசி. இந்த மிஷின் முன்னாடி உட்கார்ந்த நாள்லேருந்து வாயில ஊசியை வெச்சுக்கிட்டுத்தான் தைக்கிறேன். இன்னைக்கு என்ன புதுசாக் கேக்குற?"

"அதுல ஒண்ணு ரெண்டு இப்பத்தான் என் விரலைக் குத்திட்டு வந்துச்சு."

விளிம்பில் குத்திக்கொண்டிருந்த கை நின்றது.

காஜா என்பது கேட்டவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பட்டன் துளையை அவளைப் போல ஒழுங்காகத் தைக்க அந்தத் தெருவில் ஆள் இல்லை என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அண்ணன் வீட்டில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். முன்னறையில் அண்ணிக்கு ஒரு மிஷின், அவளுக்கு ஒரு மிஷின். நாலு மாதத்துக்கு முன்னால் ரத்த தானம் கொடுக்கப் போனவளுக்குக் கடிதம் வந்தது. ஹெபடைடிஸ் பி, ரத்தத்தால் பரவும் கல்லீரல் கிருமி என்றார் டாக்டர். அன்று மாலையே அவளுடைய தட்டு, டம்ளர், ஸ்பூன் மூன்றுக்கும் அடியில் அண்ணி சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தாள். போன வாரம் பொட்டு பக்கெட்டுக்கும் ஏறியது. அதைப் பார்த்த மறுநாள்தான் காஜா பட்டன் கடைக்காரியிடம் போய், அவள் வீட்டு மாடி அறைக்குச் சாவி வாங்கிக்கொண்டு வந்தாள். பெட்டி கட்டியாகிவிட்டது. இன்று சாயங்காலம் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

"எந்த ஊசி?" என்றாள் அண்ணி.

"எந்த ஊசின்னு அது பேர் சொல்லுமா?"

"ரத்தம் வந்துச்சா?"

"ஒரு துளி. துணி கறையாயிடக் கூடாதேன்னு விரலைத் துடைச்சேன். ஊசியைத் திரும்பப் பஞ்சுல குத்திட்டேன். நினைப்பே இல்லாம, கை பழக்கம்."

இரண்டு மிஷின்களுக்கும் நடுவே, இரண்டு பேர் கைக்கும் எட்டும் தூரத்தில், குண்டூசிகளைக் குத்தி வைக்கும் பஞ்சு உருண்டை இருந்தது. முள்ளம்பன்றி மாதிரி. இத்தனை வருஷமாக அது ஒன்றுதான் இரண்டு பேருக்கும்.

அண்ணி அதையே பார்த்தாள். பிறகு எழுந்து குழாயடிக்கு ஓடினாள். கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழெட்டு தடவை.

"கையையும் கழுவுங்க அண்ணி. சோப்பு போட்டு. காலைல கட்டை விரல்ல குத்திக்கிட்டு ஸ்ஸுன்னீங்களே, அந்த இடத்தை."

"எல்லாம் கழுவியாச்சு!" குரல் குழாயடியிலிருந்து வந்தது. "நாலு மாசம்! நாலு மாசமா என் வாய்க்குள்ள! நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்கே இப்பத்தானே உறைக்குது."

"வியாதி உன்னோடது. உனக்குத் தெரியாம எனக்கா தெரியும்?"

"தட்டு என்னோடது, டம்ளர் என்னோடது, பக்கெட் என்னோடது. அதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுது. ஊசியைப் பிரிக்கணும்னு ரெண்டு பேர்ல ஒருத்தருக்கும் தோணலை. டாக்டர் என்கிட்ட ரேசர், பல் பிரஷ், நகவெட்டின்னு சொன்னாரு. மூணையும் என் பையில வெச்சுப் பூட்டிட்டேன். குண்டூசி என் புத்திக்கே வரலை."

"பேப்பர் ஒண்ணு கொடுத்தாரே, அதுல போட்டிருக்குமே?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். அந்தப் பேப்பர் எங்க?"

அண்ணி ஈரக் கையோடு வாசல்படியில் நின்றாள். முகத்தில் ஒரு அசட்டுக்களை. கையை நீட்டிச் சுவரைக் காட்டினாள்.

சுவரில் ஆணி. ஆணியில் கோத்த அளவுக் காகிதங்கள். அவற்றில் காலருக்கு வெட்டியது ஒன்று, கொஞ்சம் வழவழப்பாக, நிலா மாதிரி வளைந்து தொங்கியது.

"நல்ல தடிப் பேப்பரு. மடங்காம நின்னுச்சு. அதான்..."

"அதான் காலர் வெட்டிட்டீங்க."

"பதிமூணரை இஞ்ச். இந்த ஆர்டர் பூராவும் அதுலதான் வெட்டினேன்."

காஜா அதை எடுத்துத் திருப்பினாள். வளைவோடு வளைவாக எழுத்துகள் இருந்தன. சவரக் கத்தி, நகவெட்டி, ஊசி, ரத்தம் படக்கூடிய எதையும் பொதுவில் வைக்காதீர்கள். அதற்குக் கீழே, சேர்ந்து சாப்பிடலாம், ஒரே பாத்திரம் புழங்கலாம், தொட்டுப் பேசலாம் என்று முழுதாகவே இருந்தது. நாற்பது பிள்ளைகளின் கழுத்துக்கு அளவாகிப் போன காகிதத்தை வீட்டில் ஒருத்தரும் படிக்கவில்லை.

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

"சரி, கிளம்புங்க. எனக்கு இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரி நாள். நீங்களும் வாங்க. ரெண்டாவது தடுப்பூசியைப் போட்டுக்கலாம்."

"எங்க வர்றது? சாயங்காலம் ஆர்டர் எடுக்க வர்றாங்க. இன்னும் பதினோரு மேலங்கிக்கு விளிம்பு மடிக்கணும்."

"அப்பவும் இதைத்தான் சொன்னீங்க. முதல் ஊசியோட நின்னாச்சு."

"அந்த ஒரு ஊசிக்கே கை ரெண்டு நாள் தூக்க முடியலை. அதுக்கு மேல ரத்தம் எடுக்கிறேன்னு வேற நின்னாங்க. அடுத்த தடவைன்னு சொல்லித் தப்பிச்சு வந்தேன். தட்டைத்தான் பிரிச்சாச்சே, அப்புறம் எதுக்கு ஊசின்னு நினைச்சேன்."

"பிரிக்க வேண்டியதைப் பிரிக்கலை. பிரிக்க வேண்டாததைப் பிரிச்சீங்க. நான் மூலையில உட்கார்ந்து தனியாச் சாப்பிட்டதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. தெரியுதா?"

"இப்ப அதை ஏன் இழுக்குற? நானா வேணும்னு செஞ்சேன்? பயம்டி. உங்க அண்ணன் ஏதாவது சொல்லுவாருன்னு பார்த்தா, அவரு முதுகு வலின்னு ஹால்ல பாயை விரிச்சுக்கிட்டு ஊமையாப் படுத்துக்கிறாரு. வீட்டுல ஒரு முடிவும் நான்தான் எடுக்கணும். எடுத்தா தப்பு. எடுக்கலைன்னா அதுவும் தப்பு."

"இனிமே நீங்க எந்த முடிவும் எடுக்க வேண்டாம். சாயங்காலம் நான் போயிடறேன்."

"போ. பதினோரு காஜாவையும் முடிச்சுட்டுப் போ."

"காலைலயே முடிச்சாச்சு. கட்டில் மேல அடுக்கி இருக்கு."

காஜா தன் ரிப்போர்ட் கோப்பை எடுத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் கல்லீரல் பிரிவு ஒரு நீள நடைபாதையின் கடைசியில் இருந்தது. வாரத்தில் ஒரு நாள்தான் பார்ப்பார்கள். பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. காஜா டோக்கன் வாங்கிக்கொண்டு, டோக்கன் கொடுத்த நர்ஸிடமே கேட்டாள்.

"சிஸ்டர், எங்க அண்ணியும் நானும் ஒரே குண்டூசியைப் புழங்கிட்டோம். ரெண்டு பேருக்கும் குத்தியிருக்கு."

"எப்போ?"

"கடைசியா இன்னைக்குக் காலைல."

"கழுவிட்டாங்களா?" காஜா தலையாட்டினாள். "நல்லது. தடுப்பூசி முழுசாப் போட்டிருக்காங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. நாலு மாசமாச்சு. அதோட நிறுத்திட்டாங்க."

நர்ஸ் பெருமூச்சு விட்டாள். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது விடும் பெருமூச்சு. "முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, விட்ட இடத்துலேருந்து போடலாம். ஆனா இன்னைக்கே வரணும். ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு வேற ஊசியும் வேணுமான்னு டாக்டர் சொல்லுவாரு. அஞ்சு மணி வரைக்கும் இருப்போம். அடுத்த வாரம்னு சொல்லிட்டு இருக்காதீங்க."

"சரி சிஸ்டர். வீட்டுல என் தட்டையெல்லாம் தனியா வெச்சிருக்காங்க..."

"தட்டுலேருந்து ஒட்டாதும்மா. அவங்களை நிம்மதியாச் சேர்ந்து சாப்பிடச் சொல்லுங்க. கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு அண்ணன்."

"அவரு பார்த்துக்கிட்டாரா? பாதிப் பேருக்கு இது பிறக்கும்போதே அம்மாகிட்டேருந்து வர்றது. உங்களுக்கு அப்படின்னா அவருக்கும் இருக்கலாம். அவருக்கு இருந்தா அவரு மனைவிக்கு ஊசி ரொம்ப அவசியம்."

"நேரமே இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. பஸ் ஓட்டுறாரு."

"நேரம் எல்லாருக்கும் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

உட்கார இடம் தேடித் திரும்பினாள் காஜா. கடைசி பெஞ்சில், சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை. முகம் தெரியவில்லை. காலர் தெரிந்தது.

அந்தக் காலர் அவளுக்குத் தெரியும். நைந்துபோனதைப் பிரித்து, புரட்டி, போன மழைக்காலத்தில் அவள் கையால் திரும்பத் தைத்த காலர். இடது முனையில் நூல் ஒரு சாயல் வெளுப்பு. அந்த நிறம் அன்றைக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஷிஃப்ட் இல்லையா?"

டிரைவர் அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். மடியில் இருந்த ரிப்போர்ட் கோப்பைக் கவிழ்த்துப் போட்டார். "நீ மத்தியானத்துக்கு மேலதானே வருவே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே விளங்கியது.

"ஓ. என் நேரம் பார்த்துத்தான் உன் நேரமா? எத்தனை நாளா வர்றே?"

"மெதுவாப் பேசு."

"எத்தனை நாளா?"

"உனக்கு ரிசல்ட் வந்து... ரெண்டு வாரம் கழிச்சு வந்து பார்த்தேன்."

காஜா விரல்விட்டு எண்ணவில்லை. எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

"உனக்கும் அதேதான்."

"அதேதான்."

"அப்ப அம்மாகிட்டேருந்துதான் வந்திருக்கும்."

"அவங்களை விடு. அவங்களுக்கே தெரியாமப் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"அம்மாவுக்குத் தெரியாது. சரி. உனக்குத் தெரியுமே? என் டம்ளருக்கு அண்ணி பொட்டு வெச்சப்ப நீ எதிர்லதானே உட்கார்ந்திருந்தே? பக்கெட்டுக்கு வெச்சப்ப, காயட்டும், தொடாதேன்னு சொன்னியே, அது நீதானே?"

டிரைவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதுகு வலியும் பொய்தானா?"

"ஜாக்கிரதையா இருக்கேன். ரேசரைக்கூட வீட்டுல வெக்கிறதில்ல, டிப்போவுலதான் இருக்கு. அவகிட்டப் போறதே இல்ல. போதுமா?"

"நாலு மாசமா ஜாக்கிரதை. அதுக்கு முந்தின இருபது வருஷம்?"

பெஞ்சின் அந்தக் கோடியில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். காஜா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியதில் இன்னும் கூர்மையானது.

"அண்ணிகிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? உன் தட்டை அவ எப்படித் தொடுறான்னு நீ பார்த்ததில்லையா? ரெண்டு விரலால. என் தட்டையும் அப்படி எடுத்தா... நான் அந்த வீட்டுல எங்க போய் உட்காருவேன்?"

"நான் உட்கார்ந்த மூலையில உட்காரு. பழகிடும்."

"குத்திக் காட்டாதே."

"குத்திக்கிட்டதாலதான் வந்தேன்." குண்டூசி விஷயத்தைச் சொன்னாள். நர்ஸ் சொன்னதையும் சொன்னாள். டிரைவர் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல, ஏதோ நல்ல யோசனை கிடைத்தது மாதிரி ஆரம்பித்தார்.

"இங்க பாரு. நீ இன்னைக்கு மாடி அறைக்குப் போறேன்னுதானே இருந்தே?"

"ஆமா."

"போயிடு. நான் தடுக்கலை. நீ போனா அவளுக்குக் கொஞ்சம் பயம் தெளியும். வீடு அடங்கும். அப்புறம் நான் நேரம் பார்த்து, மெதுவா..."

காஜா அண்ணனையே பார்த்தாள்.

"அதாவது நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போனா, கிருமியும் என்கூடப் போயிடுச்சுன்னு அண்ணி நினைச்சுக்கணும். நீ நிம்மதியா டீ குடிக்கணும். அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லலை."

"அப்படித்தான் சொன்னே. நீ நேரம் பார்ப்பே. நாலு மாசமாப் பார்த்தியே, அந்த நேரம்தானே?"

"டோக்கன் இருபத்தி மூணு!"

டிரைவர் எழுந்தார். காஜா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"உன் ரிப்போர்ட். உன் வாயால சொல்றதுதான் முறை. மூணு மணிக்கு வீட்டுல இரு. இல்லைன்னா முறையில்லாததை நான் செய்வேன்."

வீட்டுக்குள் நுழையும்போதே காரநெடி மூக்கைத் துளைத்தது. ப்ளீச்சிங் பவுடர். அடுப்பில் பழைய சட்டி ஒன்று. சட்டிக்குள் குண்டூசிகள் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தன. பஞ்சு உருண்டையைக் காணோம்.

"அது உள்ள புதைஞ்ச ஊசியோட குப்பைக்குப் போயாச்சு. கனமான டப்பாவுல போட்டு, மூடி போட்டு, டேப் ஒட்டித்தான் போட்டேன். எடுக்கிறவங்க கையில குத்தக் கூடாதுல்ல" என்றாள் அண்ணி.

முன்னறையில் மேலங்கிகள் துணிக் கிளிப்புகளைக் கடித்துக்கொண்டு தொங்கின. கொடியில் மாட்டுகிற பிளாஸ்டிக் கிளிப். ஒவ்வொரு விளிம்பிலும் நாலைந்து.

"ஊசி இல்லாம எப்படி மடிக்கிறதுன்னு தெரியலை. கிளிப்பைப் போட்டேன். கொஞ்சம் கோணும். கோணினாக் கோணட்டும்." சொல்லிவிட்டு மேஜையைக் காட்டினாள். இரண்டு டப்பாக்கள். ஒன்றின் மேல் 'காஜா' என்று எழுதியிருந்தது. "கடையில போய்ப் புது ஊசி வாங்கிட்டு வந்தேன். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நூல் கட்டரும் தனித்தனி. எடுத்துட்டுப் போறதா இருந்தா எடுத்துட்டுப் போ. இல்ல, இங்கயே... உன் இஷ்டம்."

அண்ணிக்கு மன்னிப்புக் கேட்க வராது. வந்தது இவ்வளவுதான். காலையில் இது நடந்திருந்தால் காஜா பெட்டியைப் பிரித்திருப்பாள்.

"அண்ணி, ஆஸ்பத்திரி அஞ்சு மணி வரைக்கும்தான். நர்ஸ் இன்னைக்கே வரச் சொன்னாங்க. நான் இருந்து ஆர்டரைக் கொடுத்து அனுப்புறேன். நீங்க கிளம்புங்க."

"எதுக்கு?"

"ரத்தம் கொடுக்க. ரெண்டாவது ஊசி போட."

"நீதான் போறியே. அப்புறம் எனக்கு எதுக்கு ஊசி?"

காஜா வாயைத் திறந்தாள். சொல்லலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் அது அவளுடைய வாக்கியம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிஷம்.

"போட்டுக்கங்கன்னா போட்டுக்கங்களேன். எல்லாத்துக்கும் ஏன் எதுக்குன்னு."

"ஏண்டி கத்துறே? காரணம் கேட்டா கோபம் வருது உனக்கு. குண்டூசியைப் பிரிச்சாச்சு. நீயும் தனியாப் போறே. வீட்டுல நானும் அவரும்தான். பொண்ணு விடுதியில இருக்கா, அவளுக்குக் குழந்தையிலேயே போட்டாச்சு. இனிமே யாருகிட்டேருந்து வரப் போகுது?"

"நான் போகலை."

"என்னது?"

"போகலை. சாவியைத் திருப்பிக் கொடுத்துடறேன். நீங்க மூணு ஊசியும் போட்டு முடிக்கிற வரைக்கும் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன்."

"இது என்னடி வம்பா இருக்கு! காலைல போறேன்னே. இப்ப போகலைங்கிறே."

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. டிரைவர் உள்ளே வந்தார். காலணியைக் கழற்றினார். கழற்ற எவ்வளவு நேரம் ஆகுமோ அதைப் போல இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டார். கோப்பு கக்கத்தில் இருந்தது.

"அட, அதுக்குள்ள ஷிஃப்ட் முடிஞ்சுதா?" என்றாள் அண்ணி. "நல்ல வேளை வந்தீங்க. இவளுக்கு என்னமோ ஆகிப்போச்சு. கேளுங்க."

டிரைவர் தங்கையைப் பார்த்தார். தங்கை கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு டீ போடேன்" என்றார் மனைவியிடம்.

அண்ணி சமையலறைப் பக்கம் திரும்பினாள். காஜா நடுவில் வந்து நின்றாள்.

"டீ அப்புறம். அண்ணா, மணி மூணு."

"குடிச்சுட்டுத்தான்..."

"அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

அண்ணி இவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கக்கத்தில் இருந்த கோப்பைப் பார்த்தாள். காஜாவின் கையில் இருந்ததும் அதே நிறக் கோப்பு. அதே ஆஸ்பத்திரி முத்திரை. கையில் இருந்த கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள்.

"என்னவோ இருக்கு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி முழிக்கிறீங்க." குரல் கொஞ்சம் தடுமாறியது. இருந்தாலும் கேட்டுவிட்டாள். "சொல்லுங்க. நின்னுக்கிட்டே கேக்கலாமா, இல்ல உட்காரணுமா?"

டிரைவர் மிஷின் முன்னால் கிடந்த நாற்காலியை இழுத்து, மனைவியின் பின்னால் போட்டார்.